இடைவேளை இல்லாத படத்துக்கு இடைவேளை விட்ட கதை

1. விளக்கு எரிந்தது

தியேட்டர் கேபினில் வேலை பார்ப்பவனுக்கு ஜனங்களின் முகம் தெரியாது. சின்னக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தால் பின்னந்தலைகள்தான் தெரியும். ஆபரேட்டராக இருந்த காலம் முழுக்க நான் பின்னந்தலைகளைப் பார்த்தே பிழைத்தவன். டியூட்டி மேனேஜர் ஆகிக் கீழே இறங்கிய பிறகுதான் முகங்களைப் பார்க்க நேர்ந்தது. அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்த முகங்கள் இன்னும் மறக்கவில்லை.

துபாய் தேராவில் ஒரு மாலுக்குள் இருக்கிறது எங்கள் தியேட்டர். அன்று மதியம் ஒரு ஃபிலிப்பினோ குடும்பப் படத்தின் முதல் காட்சி. ஹவுஸ் ஃபுல். ஜெபல் அலி கிடங்குகளில் வேலை செய்கிறவர்கள் கம்பெனி பஸ்ஸில் வந்திருந்தார்கள். ராஸ் அல் கைமா டைல்ஸ் ஃபேக்டரியிலிருந்து ஒரு கூட்டம் வேன் பிடித்து வந்திருந்தது. மற்றபடி சலூன், ஆஸ்பத்திரி, ஹோட்டல், வீட்டுவேலை என்று லீவ் கிடைத்த பெண்கள் எல்லாரும் ஆளுக்கொரு கைக்குட்டையோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

படத்தின் நடுவில் ஒரு பெண் தன் அப்பாவிடம் ஒரு கேள்வி கேட்கிறாள். அவர் வாயைத் திறக்கிறார். அந்த இடத்தில் திரை இருண்டு, ஹாலில் பளிச்சென்று விளக்கு எரிந்தது.

"ஹாலா!" என்று மொத்த ஹாலும் கத்தியது. நம் ஊர் "ஐயையோ" மாதிரி அது. ஒரு ஹால் நிறைய அழுது வீங்கிய முகங்கள், திரையோரக் கதவருகே நின்றிருந்த என்னைப் பார்த்தன. சிலர் முகத்தைத் கைக்குட்டையாலும் பையாலும் மூடிக்கொண்டார்கள். மூக்கு சிவந்த ஓர் அம்மாள் பக்கத்தில் இருந்தவளின் கண்மை வழிந்ததைப் பார்த்துச் சிரிக்க, அவளும் இவளைப் பார்த்துச் சிரித்தாள். அழுகையும் சிரிப்பும் கலந்து அப்படி ஒரு சத்தத்தை நான் எந்தத் தியேட்டரிலும் கேட்டதில்லை.

படத்தை நிறுத்தியது நான்தான். இடைவேளை விட்டிருந்தேன்.

வாசலுக்கு உள்பக்கம் டியூட்டியில் நின்று படத்தையும் பார்த்துக்கொண்டிருந்த லோர்னா என்னிடம் வந்தாள். அவள் எங்கள் ஃப்ளோர் சூப்பர்வைசர். ஃபிலிப்பைன்ஸ்காரி. என்னை 'குயா' என்றுதான் கூப்பிடுவாள். அவர்கள் பாஷையில் அண்ணன். ஆங்கிலமும் இந்தியும் கலந்துதான் நாங்கள் பேசிக்கொள்வோம், இங்கே நம் தமிழில் எழுதுகிறேன்.

"என்ன குயா பண்ணி வச்சிருக்கீங்க?"

"இன்டர்வெல்."

"இந்த இடத்துலயா?"

பதில் சொல்வதற்குள், "கதவைக் கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு எமர்ஜென்சி படிக்கட்டுப் பக்கம் போனாள். ஊரில் இருக்கும் மகளைக் கூப்பிடப் போகிறாள் என்று எனக்குத் தெரியும். அந்தக் கால் மணி நேரத்தில் நடந்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதற்கு முன் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

2. கேசட் காலத்திலிருந்து

என் பெயர் ஷாகுல். ஊர் அதிராம்பட்டினம். துபாய்க்கு வந்து முதலில் வேலை பார்த்தது கராமாவில் ஒரு வீடியோ கேசட் கடையில். தமிழ், இந்தி, மலையாளக் கேசட்டுகள் ஒரு சுவர் முழுக்க இருக்கும். பாத்ரூம் கதவுக்குப் பக்கத்தில் ஓர் அலமாரி மட்டும் ஃபிலிப்பினோ. யாராவது ஊருக்குப் போய்விட்டு வரும்போது பெட்டியில் துணிகளுக்கு நடுவே கொண்டுவந்து விற்றுவிட்டுப் போவார்கள். அதை நாங்கள் காப்பி போட்டு வாடகைக்கு விடுவோம். இன்று செய்தால் உள்ளே போட்டுவிடுவார்கள்.

அவற்றில் சப்டைட்டில் கிடையாது. எனக்கு ஒரு வார்த்தை புரியாது. கேசட்டைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்களிடம் "எப்படி?" என்று கேட்பேன். அவர்கள் கதை சொல்லும்போதே கவுண்டரில் நின்று அழுவார்கள். அவர்கள் அழும் அளவை வைத்துத்தான் எந்தக் கேசட்டை இன்னொரு காப்பி போடலாம் என்று முடிவு செய்வோம். எனக்கு அழுகைப் படம் ஆகாது. சண்டைப் படம்தான் பிடிக்கும். ஆனால் வியாபாரம் அழுகையில்தான் இருந்தது.

அந்தக் காலத்துப் படங்களில் அம்மா துணி துவைப்பாள். பணக்காரி வந்து கன்னத்தில் அறைவாள். ஆஸ்பத்திரியில் மாறிப்போன குழந்தை வளர்ந்து பெரிய ஆளாகி வரும். மொழி தெரியாமலே எனக்கு இதெல்லாம் புரிந்தது, நாமும் அதே படங்களைத்தானே வேறு பாட்டுகளோடு எடுத்துக்கொண்டிருந்தோம்.

பிறகு வீசிடி வந்தது. அம்மாவும் அப்பாவும் வெளிநாட்டுக்குப் போகும் கதைகள் வந்தன. ஊரில் பெரிய அட்டைப்பெட்டி வந்து இறங்கும். உள்ளே சோப்பு, சாக்லேட், டின் மீன், துண்டு. பிள்ளைகள் சந்தோஷமாகப் பிரிப்பார்கள். அடுத்த சீனில் அதே பிள்ளைகள் கெட்டுப்போயிருப்பார்கள். கடையை ஒரேயடியாக மூடிய பிறகு நான் தியேட்டர் கேபினுக்கு வந்தேன். அங்கே ஓடிய ஃபிலிப்பினோ படங்களில் அண்ணன் தம்பி அக்கா தங்கைகள் யாருடைய கல்யாணத்துக்கோ சாவுக்கோ வீட்டில் கூடுவார்கள். ஒரு சாப்பாட்டு மேஜையில் எல்லாரும் உட்கார்ந்து, இத்தனை வருடம் அடக்கி வைத்ததை ஒரே மூச்சில் கொட்டுவார்கள். இப்போது வருகிற படங்களில் வெளிநாடு போன பெற்றோர் வயதாகி வீடு திரும்புகிறார்கள். வீட்டில் அவர்களுக்கு நாற்காலி இருக்கிறது, வேலை இல்லை.

இவ்வளவு மாறியும் மாறாதது ஒன்று உண்டு. கடைசியில் பெற்றவர் ஒரு பேச்சுப் பேசுவார். "உனக்காக நான் என்ன பாடுபட்டேன் தெரியுமா" என்று தொடங்கும். முடியும்போது பிள்ளை காலில் விழும், அல்லது கட்டிப்பிடிக்கும். ஹாலில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேபின் வரைக்கும் கேட்கும். படம் முடியப் போகிறது என்று அந்தச் சத்தத்தை வைத்தே ஆபரேட்டர் எழுந்து ரெடியாகிவிடலாம்.

3. லோர்னாவின் லீவ்

லோர்னா இந்தப் பேச்சுகளை மனப்பாடமாகச் சொல்வாள். ஸ்டாஃப் ரூமில் அவள் மகளோடு போனில் பேசும்போது எனக்கு அப்படியே சினிமா பார்க்கிற மாதிரி இருக்கும். பாஷை புரியாவிட்டாலும் ஏற்ற இறக்கம் தெரியுமே. அரை மணி நேரம் இவளே பேசுவாள். கடைசியில் அழுவாள். அந்தப் பக்கம் சத்தமே இருக்காது.

மகள் பெயர் ஜாய். கைக்குழந்தையாக இருந்தபோது லோர்னா இங்கே வந்துவிட்டாள். புருஷன் வேறு குடும்பம் பார்த்துக்கொண்டான். ஜாயை வளர்த்தது லோர்னாவின் தங்கை. இவள் எல்லாரையும் போல ஸ்டாஃப் ரூம் மூலையில் ஓர் அட்டைப்பெட்டியை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிச் சேர்த்து, நிறைந்ததும் கப்பலில் அனுப்புவாள். அது போனதும் அதே இடத்தில் அடுத்த பெட்டி வந்துவிடும். அந்த மூலை காலியாக இருந்து நான் பார்த்ததில்லை.

ஜாய் காலேஜ் முடித்தாள். படிப்பில் மெடல். அவர்கள் ஊரில் பட்டமளிப்பு விழாவில் பிள்ளையோடு பெற்றவர் மேடை ஏறி, தன் கையாலேயே பிள்ளைக்கு மெடலைக் குத்திவிடுவார். அதற்காகவே பெற்றவர்கள் புதுத் துணி எடுப்பார்கள். லோர்னா லீவ் போட்டாள். நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நீல நிறத்தில் ஒரு கவுன் வாங்கி எல்லாருக்கும் காட்டினாள். "மேடையில நான் அழுவேன் குயா, வீடியோ அனுப்புறேன், நீங்க பாத்துட்டுச் சிரிக்கக் கூடாது" என்றாள்.

அந்த வாரமே ஜாயிடமிருந்து மெசேஜ் வந்தது. "அம்மா, மேடைக்கு ஒருத்தர்தான் வரலாம்னு சொல்லிட்டாங்க. சித்தி வரட்டும். நீங்க லீவ் போட்டு இவ்வளவு தூரம் சிரமப்பட வேண்டாம்."

மரியாதையான மெசேஜ். ஒரு குறை சொல்ல முடியாது. லோர்னா போனை என்னிடம் நீட்டினாள்.

"லீவ கேன்சல் பண்ணிடுங்க குயா."

"அவசரப்படாத. மறுபடி பேசிப் பாரு."

"பேசிட்டேன். ஒரு மணி நேரம் பேசினேன். 'சரிம்மா'ன்னு மட்டும் சொல்றா. என்ன சொன்னாலும் 'சரிம்மா'தான்."

ஈத் நெருங்கிக்கொண்டிருந்தது. ஈத் கூட்டத்துக்கு ஆள் வேண்டும் என்பதால் ஒருவருக்குத்தான் லீவ். அவள் லீவைக் கேன்சல் செய்தால் அதே நாளுக்கு வேறொருவரை லீவில் அனுப்பிவிடுவேன், பிறகு அவள் நினைத்தாலும் போக முடியாது. "ஞாயித்துக்கிழமை ஷோ முடியட்டும், அப்புறமும் இதையே சொன்னா கேன்சல் பண்றேன்" என்று தள்ளிப்போட்டேன். எனக்குப் பெரிய திட்டம் எதுவும் இல்லை. அழுகிற பெண்ணிடம் உடனே பேப்பர் வேலை செய்ய எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான்.

4. நபிலின் உத்தரவு

நம் ஊர் ஆட்களுக்கு இடைவேளை இல்லாத படம் படமே இல்லை. தமிழ்ப் படத்தில் இடைவேளை எங்கே என்று இயக்குநரே முடிவு செய்து அட்டை போட்டு அனுப்பிவிடுவார். ஃபிலிப்பினோ படத்தில் அது கிடையாது. ஒரே மூச்சில் ஓடி முடிந்துவிடும்.

எங்கள் ஆபரேஷன்ஸ் மேனேஜர் நபில் லெபனான்காரர். அந்த வாரம் என்னைக் கூப்பிட்டார்.

"ஷாகுல் ஹபீபி, தமிழ்ப் படம் ஓடுறப்ப ஸ்நாக்ஸ் கவுண்டர்ல கால் வைக்க இடமில்ல. ஃபிலிப்பினோ படத்துக்கும் அதே கூட்டம், ஆனா கவுண்டர்ல ஒருத்தனும் இல்ல. ஏன்?"

"அதுல இன்டர்வெல் இல்ல சார்."

"போடு. யார் வேணாம்னா?"

"படத்துல இல்லாத இன்டர்வெல்ல நாம எப்படி சார்..."

"கலாஸ், பேச்சு முடிஞ்சுது. ஞாயித்துக்கிழமை நானே வந்து பாக்குறேன்."

டிஜிட்டல் வந்த பிறகு இடைவேளை விடுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. சர்வரில் அந்தப் படத்தின் பிளேலிஸ்ட்டைத் திறந்து, எந்த நிமிடம், எந்த நொடியில் நிற்க வேண்டுமோ அங்கே ஒரு கியூ, அதாவது நிறுத்தக் குறி, போட வேண்டும். அந்த இடம் வந்ததும் சத்தம் இறங்கும், படம் நிற்கும், விளக்கு எரியும். எந்த இடம் என்பதை மட்டும் மனிதன்தான் சொல்ல வேண்டும். சீன் முடியும் இடமாக, ஒருவர் கதவைச் சாத்திவிட்டுப் போகும் இடமாக, சும்மா கடலைக் காட்டும் இடமாகப் பார்த்துப் போடுவதுதான் முறை. பார்க்கிறவர்களுக்கு உறுத்தக் கூடாது.

மூத்தவன் என்பதால் அந்த வேலையை நானே எடுத்துக்கொண்டேன். வியாழக்கிழமை காலையில் காலி ஹாலில் தனியாக உட்கார்ந்து படத்தை ட்ரையல் ஓட்டினேன். கீழே ஆங்கில சப்டைட்டில் ஓடியது.

5. கப்பல் சமையல்காரர்

படத்தில் அப்பா கப்பலில் சமையல்காரர். வேலையை விட்டு நிரந்தரமாக வீடு திரும்புகிறார். மறுநாள் மகளுக்குக் கல்யாணம். மகளைக் கையைப் பிடித்துச் சர்ச்சுக்குள் அழைத்துப் போகப் போவது அவளை வளர்த்த மாமா. அப்பாவுக்கு அது முதல் நாள் ராத்திரிதான் தெரிகிறது. நேராக அடுப்படிக்குப் போய் மகளுக்குப் பிடித்ததை எல்லாம் சமைக்கிறார். மேஜை நிறையத் தட்டுகள். சொந்தக்காரர்கள் ஆகா ஓகோ என்கிறார்கள். மகள் எதையும் தொடவில்லை. அப்பா கரண்டியோடு நின்று, "எல்லாம் உனக்குப் பிடிச்சதுதான்" என்கிறார்.

மகள் நிதானமாகச் சொல்கிறாள். "எனக்குப் பிடிச்சது உங்களுக்குத் தெரியும் அப்பா. வருஷா வருஷம் நான்தான் எழுதி அனுப்பினேன். எனக்குப் பிடிக்காதது ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க பாக்கலாம்."

அப்பா வாயைத் திறக்கிறார்.

நான் சீட்டிலிருந்து எழுந்துவிட்டேன். அடடா, இதல்லவா இன்டர்வெல்! சின்ன வயதில் பட்டுக்கோட்டை தியேட்டர்களில் கற்றதெல்லாம் ஒரு நொடியில் நினைவுக்கு வந்தது. வில்லன் துப்பாக்கியைத் தூக்கியதும் 'இடைவேளை' என்று எழுத்து விழுமே, அந்த இடம் இது. கடலைக் காட்டும் இடத்தில் கியூ போடுவதெல்லாம் ரசனை கெட்டவன் வேலை என்று தோன்றியது. உடனே மேலே ஏறிப் போய்ப் படத்தை நிறுத்தி, அந்த நொடியிலேயே கியூவைப் போட்டேன். பெருமையாக இருந்தது என்றுகூடச் சொல்ல வேண்டும்.

மிச்சப் படத்தையும் பார்த்தேன். அப்பா பதில் சொல்கிறார். வழக்கமான பேச்சு. புயல், எஞ்சின் ரூம் சூடு, துறைமுகத்தில் போன் போட வரிசையில் நின்றது, கிறிஸ்துமஸ் அன்றைக்கு முன்னூறு பேருக்குக் கோழி வறுத்துவிட்டுத் தான் மட்டும் சாப்பிடாமல் படுத்தது. நல்ல நடிகர். எனக்கே கண் கலங்கியது. மகள் ஓடி வந்து கட்டிக்கொள்கிறாள். மறுநாள் அப்பாவும் மாமாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்து நடக்கிறார்கள்.

வெளியே வந்து டீ குடிக்கும்போதுதான் உறைத்தது. மனுஷன் அவ்வளவு பேசினார், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவே இல்லை. அவளுக்கு எது பிடிக்காது என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது.

6. கால் மணி நேரம்

ஞாயிற்றுக்கிழமை விளக்கு எரிந்த பிறகு என்ன ஆனது என்று சொல்கிறேன்.

ஜனங்கள் ஹாலைவிட்டு வெளியே வந்தார்கள். நபில் ஸ்நாக்ஸ் கவுண்டருக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றிருந்தார். ஒருவரும் அந்தப் பக்கம் போகவில்லை. எல்லார் கையிலும் போன். வரவேற்பு ஹால் முழுக்கச் சுவரோரம், தூணோரம், போஸ்டர் அடியில் நின்றுகொண்டு ஊருக்கு வீடியோ கால் போட்டார்கள். அங்கே அப்போது இரவுச் சாப்பாட்டு நேரம். போன்களிலிருந்து தட்டுச் சத்தமும், நாய் குரைக்கும் சத்தமும், பிள்ளைகள் சத்தமும் வந்தன. கவுண்டர் ஆட்கள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

நான் வாசலில் நின்றேன். அங்கிருந்து எமர்ஜென்சி படிக்கட்டு தெரியும். லோர்னா முதல் படியில் உட்கார்ந்திருந்தாள். வீடியோ போடவில்லை, போனைக் காதில் வைத்திருந்தாள். வழக்கம்போல அவள் குரல் ஏறும் என்று காத்திருந்தேன். ஏறவில்லை. ஆரம்பத்தில் ஏதோ ஓரிரு வரி பேசினாள். அதன் பிறகு அவள் பேசியது ஒரே ஒரு வார்த்தைதான். "தபோஸ்?" கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "தபோஸ்?" பிறகு விசாரித்தேன். 'அப்புறம்?' என்று அர்த்தமாம்.

காட்சி மறுபடி தொடங்கும் பெல் அடித்தது. எல்லாரும் உள்ளே போனார்கள். லோர்னா எழுந்திருக்கவில்லை. நான் கூப்பிடவும் இல்லை. அந்த அப்பா புயலைப் பற்றிப் பேசி ஹாலை அழவைத்துக்கொண்டிருந்தபோது, இவள் வெளியே படியில் குனிந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

ரொம்ப நேரம் கழித்து வந்தாள். அழுதிருந்தாள், ஆனால் வழக்கமான அழுகை இல்லை அது.

"அவளுக்கு என்ன பிடிக்காதுன்னு கேட்டேன் குயா."

"என்ன சொன்னா?"

"முதல்ல விளையாடுறேன்னு நினைச்சா. 'எதுக்கும்மா கேக்குறீங்க'ன்னா. 'எனக்குத் தெரியாது, அதான் கேக்குறேன்'னேன். அப்புறம் சொல்ல ஆரம்பிச்சா பாருங்க..." லோர்னா மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "கொட்டை போட்ட சாக்லேட் பிடிக்காதாம். ஒவ்வொரு பெட்டியிலயும் அதத்தான் நான் தேடித் தேடி அனுப்பினேன். பிங்க் கலர் பிடிக்காதாம். சொந்தக்காரங்க இருக்கிறப்ப வீடியோ கால்ல வந்து மார்க் என்னன்னு கேட்டா பிடிக்காதாம். ஹீல்ஸ் செருப்பு பிடிக்காதாம், கால் புண்ணாயிடுமாம், ஆனா விழாவுக்குச் சித்தி வாங்கி வச்சிருக்காளாம்."

அடுத்ததைச் சொல்ல அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

"நான் போன்ல அழுதா பிடிக்காதாம். 'நீங்க அழ ஆரம்பிச்சா என்ன சொல்றதுன்னு தெரியல, அதான் சரிம்மா சரிம்மான்னு சொல்லிட்டு வச்சிடுறேன்'னா."

"மேடை?"

"சித்திதான் ஏறணும்னு சொல்றா. காய்ச்சல்ல ராத்திரியெல்லாம் முழிச்சிருந்தது அவதானேன்னு சொல்றா. அது நியாயம்தான் குயா. எனக்கு வலிக்குது, ஆனா நியாயம்தான்." போனைப் பார்த்தாள். "நான் கேட்டேன், நான் வந்தா உனக்குப் பிடிக்காதான்னு. 'நான் எப்பம்மா அப்படிச் சொன்னேன்? சிரமப்பட வேண்டாம்னுதானே சொன்னேன்'னா."

நான் லீவ் விஷயத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேன்சல் ஆகவில்லை என்பது இருவருக்கும் புரிந்தது.

7. விசாரணை

காட்சி முடிந்ததும் ஒரு பெண்கள் கூட்டம் என்னைச் சூழ்ந்துகொண்டது. தலைவி மாதிரி இருந்த ஒருவர், "சார், அழற நேரத்துல லைட்டப் போட்டு எங்க மானத்த வாங்கிட்டீங்களே! நாங்க இருட்டுல அழத்தான் டிக்கெட் எடுத்தோம்" என்றார். மற்றவர்கள் கைதட்டினார்கள். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. தியேட்டர் விற்பதில் பாதி அந்த இருட்டுதான்.

நபில் என்னை ஆபீசுக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"என்ன ஹபீபி இது? சினிமா தியேட்டரா, ஜனாஸா நடக்குற சாவு வீடா? ஒருத்தரும் பாப்கார்ன் வாங்கல. கவுண்டர் பொண்ணே அழுதுட்டு நிக்குது!"

"இடம் கொஞ்சம் கடுமையாப் போச்சு சார்."

"இனிமே ஃபிலிப்பினோ படத்துக்கு இன்டர்வெல்லே கிடையாது. கலாஸ்."

அன்றே கியூவை எடுத்துவிட்டேன். எங்கள் தியேட்டரில் ஃபிலிப்பினோ படத்துக்கு விட்ட முதல் இடைவேளையும் கடைசி இடைவேளையும் அதுதான்.

படம் அடுத்த வாரமும் ஓடியது. லோர்னா ஒரு முறைகூட உள்ளே போய் மீதியைப் பார்க்கவில்லை. ஒருநாள் என்னிடம் கேட்டாள்.

"அந்த அப்பா என்ன பதில் சொன்னார் குயா?"

"பெரிய பேச்சு. புயல், கப்பல், கஷ்டம். எல்லாரும் அழுதாங்க."

"நானும் அதத்தான் சொல்லியிருப்பேன்" என்றாள். "அன்னைக்கு லைட்டு எரியாம இருந்திருந்தா அவர் பேசினதக் கேட்டுட்டு, வீட்டுக்குப் போய் அதையே அவகிட்டப் பேசியிருப்பேன். அப்ப நான் பாக்க வேணாம், விடுங்க."

இந்தக் கதை எனக்கும் தொற்றிக்கொண்டது. அந்த வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போன் போட்டு மனைவியிடம், "நான் அனுப்புறதுல உனக்குப் பிடிக்காதது எது?" என்று கேட்டேன்.

"என்னங்க, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"சும்மா சொல்லு ஜெமீலா."

"அந்த செண்டுதான். அடிச்சாலே மண்டை இடி. பீரோவுல அடுக்கி வச்சிருக்கேன். யார் வீட்டுலயாச்சும் கல்யாணம்னா ஒண்ண எடுத்துக் கொடுத்துடுவேன்."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலியே."

ஊரில் பாதிப்பேருக்கு என் செண்டு போயிருக்கிறது. அந்தப் பக்கம் போனால் வாசனையிலேயே சொந்தக்காரர்களைக் கண்டுபிடித்துவிடலாம் போல.

8. போட்டோ

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் கற்ற பாடம் என்று ஒன்று சொல்ல வேண்டுமானால் இதுதான். பிறர் படத்தில் கை வைக்காதீர்கள். எந்த இடத்தில் நிறுத்தினால் யாருக்கு என்ன ஆகும் என்று கேபினில் இருப்பவனுக்குத் தெரியாது. என் கணக்கு தப்பாகிப்போய்த்தான் ஒரு நல்லது நடந்தது. தப்பை நம்பித் தொழில் செய்ய முடியாது. வீட்டில் பேசும்போது வேண்டுமானால், பிள்ளை கேள்வி கேட்டதும் ஓர் இடைவேளை விட்டுப் பாருங்கள். நம் பேச்சு எங்கேயும் ஓடிவிடாது.

லோர்னா ஊருக்குப் போனாள். அந்தத் தடவை அட்டைப்பெட்டி அனுப்பவில்லை. மூலை காலியாக இருந்தது, கிளீனிங் பையன் அங்கே வாளியை வைத்துக்கொண்டான். மேடை வீடியோ வரும் என்று நான் எதிர்பார்த்தேன். வரவில்லை. திரும்பி வந்தபோது ஒரு போட்டோ மட்டும் கொண்டுவந்து தன் லாக்கர் கதவில் ஒட்டினாள்.

போட்டோவில் மேடை. அங்கி போட்ட ஜாய் நிற்கிறாள். பக்கத்தில் லோர்னாவின் தங்கை மெடலைக் குத்துகிறார். அவர் போட்டிருப்பது அந்த நீல கவுன். லோர்னா கொடுத்துவிட்டாளாம். மேடைப் படிக்குக் கீழே, ஓரத்தில், சாதாரண உடுப்பில் லோர்னா நிற்கிறாள். அழவில்லை. இரண்டு கையிலும் ஒரு ஜோடி ரப்பர் செருப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். மேடையில் மெடல் குத்திக்கொள்ளும் மகள் சித்தியையும் பார்க்கவில்லை, கேமராவையும் பார்க்கவில்லை. கீழே அந்தச் செருப்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் லாக்கரைக் கடக்கும்போது கேட்பார்கள், இந்தப் பெண்ணின் அம்மா நீங்களா, மேடை ஏறாமல் கீழே ஏன் செருப்போடு நிற்கிறீர்கள் என்று. லோர்னா ஒவ்வொருவரிடமும், ஏதோ பரிசு வாங்கியவள் போலத் தலையை நிமிர்த்திக்கொண்டு சொல்வாள்.

"என் பொண்ணுக்கு ஹீல்ஸ் பிடிக்காது."